கல்லிலே பொறித்த காட்சிப் பட்டியல்

வெனிஸ் நகரத்தில் 1895ஆம் ஆண்டு தொடங்கிய கலைக் கண்காட்சியைக் காண அக்காலத்தில் கப்பலேறியும் இக்காலத்தில் விமானமேறியும் செல்கிற ரசிகர்கள் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் அந்த முறையைப் பின்பற்றி, 2012 டிசம்பரில் கொச்சியின் பழைய பண்டகசாலைகளில் தொடங்கிய கண்காட்சிக்குச் சேலத்தில் இரவு ரயிலேறி விடியற்காலையில் எர்ணாகுளத்தில் இறங்கும் இளைஞர்களை நான் அறிவேன். வரும் ஆண்டில் எங்கே என்ன கண்காட்சி, எதற்கு எத்தனை நாள் லீவு போடுவது என்று அவர்கள் காலண்டரைப் புரட்டிக்கொண்டு ஆலோசிக்கும்போதெல்லாம், அவர்கள் வழக்கமாய்ப் போய்வரும் பஸ் நாள்தோறும் சுற்றிக்கொண்டு போகிற நாமக்கல் குன்று என் நினைவுக்கு வரும்.

ஊர் நடுவே ஒரே கல்லாய் ஏறக்குறைய 200 அடி எழும்பி நிற்கும் அக்குன்றின் உச்சியில் கோட்டை மதிலும், மேற்குப் புறத்தில் நரசிம்மர் குடைவரையும், கிழக்குப் புறத்தில் அரங்கநாதர் குடைவரையும் இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, அதியர் குலத்தவனான குணசீலன் என்னும் சிற்றரசனின் பெயரோடு இணைந்தவை அவை. அரங்கநாதர் குடைவரைக்கு ‘அதியேந்திர விஷ்ணுகிருகம்’ என்று பெயர். அப்பெயரைத் தெரிவிக்கும் வடமொழிக் கல்வெட்டு, கிரந்த எழுத்தில், அந்தப் பாறையிலேயே இருக்கிறது. இன்ன நிலம், இத்தனை கலம் நெல் என்று அளந்து செல்லும் வழக்கமான தானசாசனத்தைப் போலன்றி, உள்ளே பள்ளிகொண்ட பெருமாளைச் சுற்றிச் செதுக்கப்பட்டிருப்போர் யார் யார் என்பதை, மார்க்கண்டேயர், பிருகு, தும்புரு, நாரதர் என வரிசையாகப் பெயர் சொல்லிக்கொண்டு போகிறது. இன்றைய கண்காட்சியின் வாசலிலே காசு கொடுத்து வாங்குகிற விவரக் கையேடு வேறென்ன செய்கிறது? ஆயிரத்திருநூறு ஆண்டுக்கு முன், வருகிறவன் எந்த உருவத்துக்கு நேரே நிற்கிறான் என்பதை அவன் அறியவேண்டும் என்று ஒருவர் நினைத்திருக்கிறார். நினைத்ததைக் காகிதத்தில் அல்ல, கல்லிலேயே எழுதுவித்திருக்கிறார். அரசன் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது, பரிவாரத்தின் பெயர் கிடைத்திருக்கிறது. உளி பிடித்தவன் பெயர்தான் கிடைக்கவில்லை.

நரசிம்மர் குடைவரைக்கு நான் முதலில் போனது சித்திரை வெயிலில். வெளியே கண் கூசிய பிறகு உள்ளே நுழைந்தால் எண்ணெய் வாசனையும் இருட்டும் தவிர வேறொன்றும் புலப்படாது. சற்றுப் பொறுத்து நிற்பவனுக்குத்தான் சுவர் மெல்ல மெல்ல உருவங்களாய்ப் பிரிந்து வரும். அர்ச்சகர் தீபத்தைத் தூக்கிக் காட்டியபோது முதலில் துலங்கியது இரணியனுடைய தளர்ந்த கால். பிறகு அவனைக் கிழிக்கும் விரல்கள். அதன் பிறகே முகம். தீபம் நகர்ந்ததும் அவ்விடம் மறைந்து, பூமியைத் தாங்கிய வராகம் தோன்றிற்று. இன்னும் நகர்ந்ததும், கீழே மகாபலி முன்னே குள்ளனாய் நின்றவன் மேலே அண்டத்தை அளக்கக் காலைத் தூக்கினான். மின்விளக்கை எல்லாவற்றின் மீதும் ஒருசேரப் பாய்ச்சி இவற்றைக் காட்டுவதைவிட, ஒன்றன்பின் ஒன்றாய்த் தீபம் காட்டுகிற இந்த முறையே சிற்பத்துக்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். வெளியே வந்தால், கூரையில்லாத திறந்தவெளியில் 18 அடி உயர ஆஞ்சநேயர், சுவாமியை நோக்கிக் கைகூப்பியபடி வெயிலையும் மழையையும் ஏற்றுக்கொண்டு நிற்கிறார்.

அச்சடித்த பட்டியலும் நீதிபதிகளும் பதக்கமும் கூடிய கண்காட்சி நம் பக்கம் வந்தது ஆங்கிலேயர் ஆட்சியிலே. லண்டனில் 1851இல் நடந்த பெரும் பொருட்காட்சியின் எதிரொலியாய்ச் சென்னையில் 1855இல் ஒன்று கூடியது. பின்னர் 1873இல் சென்னைச் சித்திரக் கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்ற ரவிவர்மாவின் கீர்த்தி, ஊர்தோறும் படம் தீட்டும் பிள்ளைகளுக்கு ஆசை மூட்டிற்று. அந்த ஆசைக்கு நம் சமவெளியும் ஒருவரைத் தந்தது. மோகனூரில் 1888இல் பிறந்து, நாடு முழுவதும் நாமக்கல் கவிஞர் என்று அறியப்பட்ட வெ. இராமலிங்கம் பிள்ளை, பாட்டாலே பெயர் பெறுவதற்கு முன் தூரிகையாலே பிழைத்தவர். உருவப்படம் எழுதுவதே அவருக்குத் தொழில். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டில்லி முடிசூட்டு விழாவை ஒட்டி அவர் தீட்டிய படத்துக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. அதே மன்னருடைய ஆட்சியை எதிர்த்து 1932இல் அவர் சிறை புகுந்தார் என்பதையும், சுதந்திரத்துக்குப் பின் 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார் என்பதையும் பள்ளிப்பிள்ளைகள் படித்திருப்பார்கள். அந்தப் பதக்கத்தை மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

சேலத்துக்கு மேற்கே தாரமங்கலத்தில், கெட்டி முதலிகள் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்கு எந்தப் பட்டியலும் இல்லை. அங்கே வழிகாட்டியின் வாய்ச்சொல்தான் கையேடு. நாயக்கர் காலத்துக் கற்றச்சர்கள் தங்கள் வித்தையைக் காட்டுவதற்கென்றே செய்தவை அங்கு மிகுதி: யாளியின் வாய்க்குள்ளே விரலால் உருட்டினால் உருளும், ஆனால் வெளியே எடுக்க முடியாத கல் உருண்டை, ஒரே கல்லில் கண்ணி கண்ணியாய்த் தொங்கும் சங்கிலி, விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாய்ப் பற்றிக்கொண்டிருக்கும் கிளிகள். இவை கைத்திறம், வியக்கலாம், அவ்வளவே. என்னைத் திரும்பத் திரும்ப அங்கே இழுப்பவை இரண்டு தூண்கள். ஒன்றில் இராமன் வில்லை வளைத்து நிற்கிறான்; தள்ளி நிற்கும் மற்றொன்றில் வாலி. இராமன் தூணருகே நின்றால் வாலி நன்றாகத் தெரிகிறான். வாலியின் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால், இடையிலுள்ள தூண்கள் மறைக்க, இராமன் இல்லை. புலவர்கள் நூற்றாண்டுக்கணக்கில் தர்க்கித்த விஷயத்தைச் சிற்பி தூண் நிறுத்திய இடத்தாலேயே சொல்லிவிட்டான். பார்க்க வந்தவனை முதலில் வில்லாளியாகவும் பிறகு அடிபடுகிறவனாகவும் நிற்கவைக்கிறான். ஒரு முதியவர் தம் பேரனை வாலியின் பக்கம் நிறுத்தி, “தெரியுதா கண்ணு?” என்று கேட்டதையும், பையன் தலையாட்டிவிட்டு, இராமனைத் தேடித் தூணுக்குத் தூண் ஓடியதையும் பார்த்துக்கொண்டு நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இவையெல்லாம் இருந்த இடத்தில் இருந்து நம்மை வரவழைப்பவை. தானே ஊர் ஊராய்ப் போகும் சித்திரமும் இந்தச் சமவெளிக்கு உண்டு. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் பெருகியதும், அவற்றை ஒட்டிப் பெயிண்டர்களும் பெருகினார்கள். பின்கதவுப் பலகையிலே கன்றுக்குப் பாலூட்டும் பசு, பக்கத்திலே தாமரை, நெற்றியிலே உரிமையாளரின் குலதெய்வப் பெயர். ஸ்டிக்கர் வந்தபின் அந்தக் கை குறைந்துவிட்டது. போன மாதம் ஒரு பட்டறையில், நரைத்த பெயிண்டர் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பசுவின் கண்ணுக்குக் கடைசியாக வெள்ளைப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். எந்த ஊருக்குப் போகிற வண்டி என்று கேட்டேன். “நாக்பூருங்க,” என்றார், கையை எடுக்காமல்.