கல்லின் கூர்மை

திருப்பதி மாவட்டத்துப் புத்தூரை அடுத்த நாராயணவனத்திற்கு நேயர்களிற் பலர் சென்றிருக்கலாம். அங்கே கல்யாண வேங்கடேசுவரர் கோயிலில் பெரியதொரு கல் திரிகையைக் காண்கிறோம். பத்மாவதித் தாயாரின் திருமணத்தின்போது பயன்பட்டது அது என்பது ஐதீகம். திரிகையோ அம்மியோ, தேய்ந்து வழுவழுப்பானால் அரைக்காது. உளிகொண்டு கொத்த வேண்டும். கல்லையும் பேணவேண்டும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

அரைத்தது மட்டுமன்று, முதன்முதல் அறுத்ததும் கல்லே. நாராயணவனத்திற்குத் தென்கிழக்கே, கொசத்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட் என்னும் நிலவியலார் அங்கே பழைய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியான ஆய்வு கூறிற்று. அக்கருவிகள் மழுங்கியபோது அம்மக்கள் அவற்றைத் தீட்டவில்லை; விளிம்பில் ஒரு சில்லைத் தட்டிப் பெயர்த்துப் புதிய கூர் பெற்றனர். தேய்த்துக் கூராக்கும் கலை புதிய கற்காலத்தில் ஓங்கிற்று.

பின்னர் இரும்பு வந்தது. தீட்டுகல் இரும்பினும் கடினமானது. ஆகவே அரிவாள்மணையும் கத்தியும் அதனால் எளிதில் கூர் பெற்றன. தெருவில் சாணை பிடிப்பவரின் குரலை நம்மில் யார் மறப்பார்?

இன்று பீங்கான் கத்தி பல அடுக்களைகளிற் புகுந்துள்ளது. சிர்க்கோனியம் ஆக்சைடு என்னும் பொடியை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்வது அது. துருப்பிடிக்காது; எலுமிச்சையின் புளிப்பும் அதனை அரிக்காது. எஃகினும் நெடுநாள் கூர் நிற்கும். ஆயினும் அது மழுங்கினால் சாதாரணத் தீட்டுகல் பயன்படாது. வைரத்துகள் பதித்த தகடே வேண்டும். அதிலும் மெல்லத் தேய்த்தல் நலம். அழுத்தினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும்.

ஆம், கற்கருவியின் பழைய குணம் இதனிடமும் உண்டு: கடினம் மிகுதி, வளைந்து கொடுத்தல் குறைவு. எனவே எலும்பையும் தேங்காயையும் இதனால் வெட்டலாகாது. பூண்டை இதன் பக்கவாட்டால் நசுக்கலாகாது. கருங்கல் மேடையில் வைத்து அரிவதைவிட மரப்பலகையே ஏற்றது. கழுவித் துடைத்து, உறையிலிட்டுத் தனியே வைத்தல் வேண்டும்.

அம்மியை ஊரில் விட்டுவிட்டு அயல் மாநிலங்களில் குடியேறிய நாம், கொத்துவாரையும் சாணை பிடிப்பாரையும் அங்கே எதிர்பார்த்தல் அரிது. கருவியின் இயல்பறிந்து பேணும் பொறுப்பு இனி நம்முடையதே. கருவி புதிது, அப்பொறுப்போ நாராயணவனத்துத் திரிகையைக் கொத்திய உளியினும் பழையது.