கோயில் முற்றத்திலிருந்து சபா மேடைக்கு: வணிகர் உபயத்தின் தடம்

மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு முந்திய நாட்களில் போய் நின்றால், வணிகமும் வழிபாடும் ஒரே மணலில் நடப்பதைக் காணலாம். தீர்த்தக்குளத்துக்குப் போகும் வழியில் கச்சான் கடைகளும் காப்புக் கடைகளும். உள்ளே அன்றைய திருவிழாவின் உபயகாரர். பூ, எண்ணெய், மேளம், அன்னதானம் என்று ஒரு நாட்செலவைத் தன் தலையில் ஏற்றுக்கொள்பவர் அவர். கோயிற் பொறுப்பாளரை மட்டக்களப்பார் வண்ணக்கர் என்பார்கள். சங்க காலத்தில் நாணயத்தின் தரம் பார்த்தவன் வண்ணக்கன். வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்ற புலவர் பெயரிலும் அந்தத் தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காசைச் சோதித்தவனின் பெயர் கோயிற் பொறுப்பாளருக்கு வந்து சேர்ந்ததைத் தற்செயலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த உபயம் 20ஆம் நூற்றாண்டில் கோயில் மதிலைத் தாண்டியது. மட்டக்களப்புக்கு நெருக்கமான சான்று, காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் யாழ் நூல். வணிகக் குடும்பத்தவரான அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகத்தில் 1931இல் விபுலாநந்தர் தமிழ்ப் பேராசிரியரானார். பின்னர் யாழ் ஆராய்ச்சியைத் தொடரப் புதுக்கோட்டையில் இடம் தந்து ஆதரித்தவர் நகரத்தாரான சிதம்பரம் செட்டியார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது; அடுத்த மாதமே சுவாமிகள் மறைந்தார். கோயிலுக்குப் போன வணிகர் பணம் ஓர் ஆராய்ச்சி நூலுக்கும் போனது. அரங்கேற மட்டும் அந்த நூல் கோயிலுக்கே திரும்பி வந்தது.

கடை நடத்துபவரின் கொடை இன்னொரு விதம். அதைத் தெளிவாகக் காண சென்னை தியாகராய நகருக்குப் போக வேண்டும். அந்த நகரே வணிகக் குடும்பத்தில் பிறந்த பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. காஞ்சிபுரத்திலிருந்து பட்டுச் சேலைகளைச் சென்னைக்குக் கொண்டுவந்து விற்ற நெசவாளர் நல்லி சின்னசாமி செட்டியார், 1928இல் இங்கே கடை திறந்தார். அவர் விற்ற பொருளின் அருமை தறியருகே உட்கார்ந்தால்தான் புரியும். உடலும் கரையும் வெவ்வேறு நிறமான கோர்வைச் சேலைக்குத் தனித்தனி நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொரு ஆள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். இரு நிறமும் சேரும் இடத்தில் இழைகள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். இழுத்தாலும் பிரியாது.

மூன்றாம் தலைமுறையான நல்லி குப்புசாமி செட்டியார் 1940இல் பிறந்தவர். 1956இல், பள்ளி வயது முழுதாகத் தாண்டாத நிலையில், கடைப் பொறுப்பேற்றார். அந்தப் பேட்டையிலேயே இயங்கும் ஸ்ரீ கிருஷ்ண கான சபாவின் தலைவராகவும், பிரம்ம கான சபாவின் தலைவராகவும் இருந்து கச்சேரிக் காலங்களுக்குத் தோள் கொடுத்தார். 2003இல் பத்மஸ்ரீ, 2025இல் பத்மபூஷண் விருதுகள் அவருக்கு அறிவிக்கப்பட்டன.

ஒரு சபாவின் மார்கழி நிகழ்ச்சி நிரலைக் கோயில் திருவிழா நோட்டீசுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாள், நேரம், பாடுபவர், கீழே செலவை ஏற்றவரின் பெயர். உபயகாரர் அங்கேயும் இருக்கிறார். பெரும் ஆலை முதலாளியின் கொடை தொலைவில் கட்டடமாக எழலாம். கடைக்காரரின் கொடையோ அவர் கல்லாவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நிகழ்கிறது. பட்டுச் சேலை வாங்குபவரே அதை உடுத்திக்கொண்டு கச்சேரிக்கு வருகிறார். இதனால் கடைக்கும் நன்மைதான். அதை ஒரு குறையாக நான் கருதவில்லை. ஊரோடு வாழும் வணிகத்தில் கொடையையும் நன்மையையும் வெட்டிப் பிரிக்க முடியாது.

ஆனால் என் மனம் அதிகம் தங்குவது வேறொரு கொடையில்: ‘திசை எட்டும்’ இதழுடன் இணைந்து வழங்கப்படும் நல்லி திசை எட்டும் மொழியாக்க விருது. மொழிபெயர்ப்பாளருக்கு மேடை வெளிச்சம் இல்லை. அவரை வாசிப்பவர் பட்டு வாங்க வருவார் என்ற கணக்கும் இல்லை. பிறமொழி நூலொன்றைத் தமிழில் கொண்டுவரத் தனியே மாதக்கணக்கில் உட்கார்ந்தவரை அழைத்து, அவர் பெயரைச் சபையில் வாசித்து, கையில் பணமும் பட்டயமும் கொடுக்கிறார்கள்.