பெருவிரலின் விழுக்காடு

பெருவிரலை இழந்த கை பிடிப்பை இழந்த கையாகும். ஏனைய நான்கு விரல்களும் ஒருபுறம் நிற்க, அவற்றை எதிர்நின்று தொடுவது பெருவிரல் ஒன்றே. துப்பாக்கியும் சம்மட்டியும் எழுதுகோலும் அதன் துணையால் நிற்பன. துரோணர் ஏகலைவனிடம் வேறு விரலைக் கேட்கவில்லை என்பது நினைக்கத் தக்கது.

படைச்சேவைக்கும் பெருவிரலுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. தன் மைந்தர் இருவரும் படையிற் சேராதிருக்க அவர்தம் பெருவிரல்களை வெட்டிய உரோமச் செல்வன் ஒருவனை, அகஸ்டஸ் மன்னன் ஏலத்தில் விற்கச் செய்தான். கி.பி. 381இல் தியோடோசியஸ் காலத்துச் சட்டமோ, அவ்வாறு உறுப்பைக் குறைத்துக்கொண்ட இருவரை நல்லுடல் படைத்த ஒருவனுக்கு ஈடாக ஏற்றது. ஊனத்தை எண்ணால் அளந்த பழைய கணக்குகளுள் இதுவும் ஒன்று. ஆயின் அக்கணக்கு அரசின் நலம் கருதியதேயன்றி ஊனமுற்றவன் நலம் கருதியதன்று.

இக்கால அட்டவணைகள் ஊனமுற்றவனுக்காக எழுந்தவை. பிரிட்டனின் போர் ஓய்வூதிய அட்டவணையில் பெருவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு. உள்ளங்கை எலும்பும் உடன் போனால் 40. நுனிக்கணு மட்டுமெனில் 20. சுட்டுவிரல் முழுவதற்கும் 14தான். இங்கு 20 என்பது ஒரு வேலி. அதற்குக் கீழ்ப்பட்டால் ஒருமுறை தரும் தொகை. எட்டினால் தொடர்ந்து வரும் ஓய்வூதியம். பெருவிரலின் நுனியை இழந்தவன் வேலிக்குள் நிற்க, சுட்டுவிரலை அடியோடு இழந்தவன் வெளியே நிற்கின்றான். இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் பெருவிரலுக்கு 25 விழுக்காடே வகுத்தது. பின்னர்த்தான் அது 30 ஆயிற்று. முழங்கைக்கு மேற்போன வலக்கைக்கு 70, இடக்கைக்கு 60 என்று பிரித்த அச்சட்டம், பெருவிரலில் வலம் இடம் பார்க்காதது வியப்பே. அமெரிக்கப் படையினர்க்குரிய அட்டவணை அவ்வேறுபாட்டைப் பார்க்கின்றது.

எண்கள் இவ்வாறிருக்க, எண்ணுக்கு முன்னே ஒரு வினா நிற்கின்றது: காயமுற்றவன் யாருடைய வீரன்? சிங்கப்பூர் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17ஆம் நாள், சிராங்கூன் சாலையை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் 40,000க்கு மேற்பட்ட இந்தியப் படையினர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அன்று வரை மலாயாப் போரில் பெருவிரல் இழந்தவன் பிரிட்டிஷ் இந்தியப் படையின் வீரன், அவன் காயம் சேவையால் வந்தது, கணக்கில் ஏறும். அத்திடலில் நின்றவருள் பலர் பின்னர் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். 1944இல் இம்பால் முனையில் அவர்கள் இழந்த விரலுக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. போர் முடிந்தபின் ஆங்கிலேயர் அவர்களை வெள்ளை, சாம்பல், கருப்பு என வகுத்தனர்; கருப்பர் எனப்பட்டோர் பதவி நீக்கப்பட்டுச் சம்பளமும் படியும் இழந்தனர்.

1943இல் சுபாஷ் சந்திர போசின் அழைப்பை ஏற்றுத் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் சேர்ந்த தமிழர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இழப்பதற்குப் பழைய படைப்பதிவு ஒன்றுகூட அவர்க்கில்லை.

விடுதலை பெற்ற இந்தியா 1972இல் விடுதலை வீரர் ஓய்வூதியத் திட்டத்தைக் கொணர்ந்தது; தொடக்கத்தில் மாதம் 200 ரூபாய். இந்திய தேசிய இராணுவத்தாரும் அதில் இடம் பெற்றனர். ஆயினும் அங்குப் பெரிதும் எண்ணப்பட்டவை சிறையிருந்த மாதங்களே; விரல்கள் அல்ல.

இன்று சிராங்கூன் சாலையில் ஞாயிறுதோறும் கூடும் கட்டுமானத் தொழிலாளர்க்குச் சிங்கப்பூரில் வேறொரு சட்டம் காவல் நிற்கின்றது. 1975இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என இருந்து, 2008இல் வேலையிட விபத்து இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாறியது அது. நிலையான ஊனத்திற்கு மாதவருமானம், வயதுக்குரிய பெருக்கெண், ஊன விழுக்காடு ஆகிய மூன்றையும் பெருக்கித் தொகை காண்பர். நாற்பது வயதுக்குட்பட்டவர்க்குப் பெருக்கெண் 181. அறுபத்தாறு முதல் 72. நாட்டுரிமையை அது கேளாது. வேலை ஒப்பந்தம் உண்டா என்றே கேட்கும். வீட்டுப் பணிப்பெண்களும், காவலரும், படைவீரரும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே உள்ளனர்.