கிளி ஏன் தன் இறகைத் தானே பிடுங்குகிறது?

வளர்ப்புக் கிளியின் இறகு உதிர்வதெல்லாம் நோயல்ல. பழைய இறகு விழுந்து புதியது முளைப்பது இயற்கை. அப்போது தோல் வெறுமையாகத் தெரியாது. நெஞ்சிலோ தொடையிலோ தோல் தெரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

முதலில் தலையைப் பாருங்கள். கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. உடலில் இறகில்லாமல் தலையில் மட்டும் முழுமையாக இருந்தால், பெரும்பாலும் அது தானே பிடுங்குகிறது. தலையும் வெறுமையானால், கூட இருக்கும் கிளி பிடுங்கியிருக்கலாம். வைரசினால் வரும் அலகு–இறகு நோயாகவும் இருக்கலாம். அந்த நோய் இறகுத் தூசு, எச்சம் வழியாகப் பரவும். குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகவே மற்றக் கிளிகளிலிருந்து பிரித்து வையுங்கள்.

தானே பிடுங்கும் பழக்கம் ஆபிரிக்கச் சாம்பல் கிளியில் அதிகம். காட்டில் கூட்டமாக வாழ்ந்து, இரை தேடியே பகலைக் கழிக்கும் பறவை அது. தனிக்கூட்டில் அதற்குத் துணையுமில்லை, வேலையுமில்லை.

ஆனால் தனிமைதான் காரணம் என்று உடனே முடிவெடுக்கக் கூடாது. தோல் தொற்று, ஈரல் நோய், வெறும் சூரியகாந்தி விதை தின்பதால் வரும் விற்றமின் ஏ குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

அத்துடன் கரட், பூசணி, கீரை கொடுங்கள். கடித்துக் கிழிக்கத் தென்னோலை, குளிக்கத் தண்ணீர், இரவில் அமைதியான உறக்கம் வேண்டும். பிடுங்கும்போது அதட்டாதீர்கள், அதட்டலையும் அது கவனிப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

தாமதிக்கவும் வேண்டாம். திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழி சிதைந்துவிடும். பிறகு அந்த இடத்தில் இறகு முளைக்காமலே போகலாம்.