இயந்திரங்களின் உறக்கம்



இயந்திரங்களின் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் அவற்றின் உழைப்பையே கூறுகின்றன. எத்துணை வேகமாக ஓடின, எத்துணைப் பாரத்தை இழுத்தன, எத்துணைக் கணக்குகளை நொடியில் முடித்தன என்றே நாம் படித்து வருகிறோம். அவை எவ்வாறு ஓய்வெடுக்கக் கற்றன என்பதும் ஒரு வரலாறே. அவ்வரலாற்றை வடசென்னையின் புகைவண்டியில் தொடங்கி, உங்கள் சட்டைப் பையிலுள்ள கைப்பேசியின் நுண்செயலி வரையில் இன்று காண்போம்.

ஓய்வெடுப்பது எளிது என்று நாம் எண்ணுகிறோம். இயந்திரத்திற்கு அது எளிதன்று. உறங்கப் போகும் இயந்திரத்தைப் பற்றி மூன்று வினாக்களுக்கு விடை தெரிந்தாக வேண்டும். உறக்கத்தில் ஆழ எவ்வளவு நேரம் ஆகும்? எழுப்பினால் வேலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? படுப்பதற்கும் எழுவதற்கும் ஆகும் செலவை ஈடுகட்டக் குறைந்தது எவ்வளவு நேரம் உறங்க வேண்டும்? ஐந்து நிமிடத்தில் புறப்பட வேண்டியவன் பாய் விரித்துப் போர்த்திக்கொண்டு படுப்பதில்லை. திண்ணையில் சற்றுச் சாய்ந்து கொள்கிறான். இயந்திரத்திற்கும் திண்ணை உண்டு, பாயும் உண்டு. எதனை எப்போது தேர்வது என்பதே கேள்வி.

இராயபுரம் புகைவண்டி நிலையம் 1856-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் அங்கிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி ஓடலாயிற்று. அக்காலத்து நீராவி எஞ்சினைக் கருதுங்கள். முற்றிலும் குளிர்ந்த கொதிகலனில் தீ மூட்டி, வண்டியை இழுக்கும் அளவுக்கு நீராவி திரட்டப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு ஒரேயடியாகச் சூடேற்றினால் தகடுகளும் குழாய்களும் ஒரு சீராக விரியாமல் பழுதுபடும். ஆகவே இரண்டு ஓட்டங்களுக்கு இடையே எஞ்சின் நிற்கும்போது தீயை முற்றிலும் அணைத்துவிடுவதில்லை. நிலக்கரியைக் குவித்து, காற்று வரும் வழியை அடைத்து, நீறு பூத்த நெருப்பாக அதனை வைத்திருப்பர். இதனால் சிறிதளவு கரி வீணாகும். ஆனால் அழைத்தபோது எஞ்சின் விரைவில் எழும். நெடுநாள் வேலையில்லை என்றால் மட்டுமே தீயை இறக்கிவிடுவர். இரண்டு வகை உறக்கம், இரண்டு வகைச் செலவு. நீராவிக் காலத்திலேயே நம் மூன்று வினாக்களும் எழுந்துவிட்டன அல்லவா?

இராயபுரத்திலிருந்து கடற்கரையோடு வடக்கே சென்றால் திருவொற்றியூரைக் கடந்து எண்ணூரை அடையலாம். அங்கே 1970-ஆம் ஆண்டு அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஐந்து பிரிவுகள் சேர்ந்து 450 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் 2017-ஆம் ஆண்டு மூடப்பட்டது. எஞ்சின் கொட்டடியில் கைப்பழக்கமாக இருந்த அறிவு, அனல்மின் நிலையங்களின் காலத்தில் எழுதப்பட்ட விதியாயிற்று. நிறுத்திய 10 மணி நேரத்திற்குள் மீண்டும் இயக்குவது சூடான தொடக்கம். 10 முதல் 72 மணி நேரத்திற்குள் இயக்குவது வெதுவெதுப்பான தொடக்கம். 72 மணி நேரத்திற்கு மேற்பட்டால் குளிர்ந்த தொடக்கம் என்று நம் நாட்டு மின் விதிகள் வகுத்துள்ளன. நிறுத்தம் நீள நீள, எழும் நேரமும் அதற்கெனக் கூடுதலாக எரிக்கும் எண்ணெயும் பெருகும். இதற்கு மாறாக, பேசின் பிரிட்ஜில் 1996-இல் அமைந்த வாயுச் சுழலி நிலையம் சில நிமிடங்களில் எழவல்லது. ஆனால் அதன் எரிபொருள் விலை மிகுந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எந்த நிலையம் எப்போது எழ வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரி கொதிகலனின் அருகில் இருப்பவர் அல்லர். எங்கோ ஒரு மையத்தில் அமர்ந்து மாநிலம் முழுவதற்கும் மின்சுமையைப் பகிர்கிறார். ஒவ்வொரு நிலையமும் தன்னைப் பற்றித் தந்துள்ள எண்களே அவருடைய கண்கள். எண்ணூரிலிருந்து வரும் ஆசிரியர் யார், எதிர்வீட்டில் வசிப்பவர் யார் என்று அறியாத தலைமையாசிரியர் மாற்று வகுப்பை எவ்வாறு ஒதுக்க முடியும்? உறங்குபவனைப் பற்றிய உண்மையான விவரம் ஆணையிடுபவனிடம் இருக்க வேண்டும். இதுவே நம் வரலாற்றின் மையக் கருத்து.

இனிப் பெரிய கொதிகலனை விட்டு, விரல் நகத்தளவே உள்ள நுண்செயலிக்கு வருவோம். கணினியில் கணக்கிடும் உறுப்பு நுண்செயலி. அதற்கு வேலைகளைப் பங்கிட்டு, நினைவகத்தையும் பிற கருவிகளையும் மேற்பார்வையிடும் மூல நிரல் தொகுதிக்குக் கெர்னல் என்று பெயர். இயங்குதளத்தின் உள்மையம் அதுவே. இவ்விரண்டையும் மின்நிலையமாகவும் மின்சுமை அதிகாரியாகவும் எண்ணிக் கொள்ளுங்கள்.

கணினி பெரும்பாலான நேரம் சும்மா இருக்கிறது என்றால் வியப்படைவீர்கள். நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டி அடுத்த எழுத்தைத் தட்டுவதற்குள் நுண்செயலிக்கு ஒரு யுகமே கழிந்துவிடுகிறது. இண்டெல் நிறுவனம் 1978-இல் வெளியிட்ட 8086 நுண்செயலியிலேயே ‘நில்’ என்னும் கட்டளை இருந்தது. வெளியிலிருந்து ஏதேனும் குறுக்கீடு வரும்வரை வேலையை நிறுத்தி நிற்க அது உதவும். ஆயினும் அக்கால நிரல்கள் பல அதனைப் பயன்படுத்தாமல், வேலையற்ற நேரத்திலும் வெறுஞ்சுற்றுச் சுற்றிக் கொண்டிருந்தன. செக்கில் எள் இல்லாதபோதும் மாடு சுற்றியது போன்றதுதான் அது!

மின்கலத்தால் இயங்கும் மடிக்கணினிகள் பெருகியபோது இந்த வீண்செலவு உறுத்தலாயிற்று. 1992-இல் இண்டெலும் மைக்ரோசாப்டும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தன. அதில் மின்சிக்கனப் பொறுப்பின் பெரும்பகுதி தாய்ப்பலகையில் பதிந்திருந்த நிரலிடம் இருந்தது. கெர்னலுக்குத் தெரியாமலேயே அது சில பகுதிகளை உறங்க வைக்கக்கூடும். எந்த வேலை காத்திருக்கிறது என்று அறிந்தது கெர்னல். எது எவ்வாறு உறங்கும் என்று அறிந்தது பலகை நிரல். அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்தன.

இக்குறையைப் போக்க 1996-ஆம் ஆண்டு டிசம்பரில் இண்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் ஏ.சி.பி.ஐ. என்னும் பொது நெறியை வெளியிட்டன. அதன்படி பலகையின் நிரல் தன் உறுப்புகளைப் பற்றிய விவர அட்டவணைகளைத் தரும். முடிவெடுக்கும் பொறுப்பு இயங்குதளத்தைச் சேரும். நுண்செயலியின் நிலைகளுக்கு சி-0, சி-1, சி-2, சி-3 என்று பெயரிட்டனர். சி-0 விழிப்பு, ஏனையவை மேன்மேலும் ஆழ்ந்த ஓய்வு. சி-2, சி-3 ஆகிய நிலைகளுக்குரிய தாமதம் எவ்வளவு என்பதை அட்டவணை மைக்ரோவினாடியில் கூறவேண்டும். ஒரு வினாடியைப் பத்து லட்சம் கூறிட்டால் ஒரு கூறே மைக்ரோவினாடி. சி-2 நிலைக்குக் குறித்த எண் 100-க்கு மேற்பட்டாலும், சி-3 நிலைக்குக் குறித்த எண் 1000-க்கு மேற்பட்டாலும், அந்த நிலை இக்கணினியில் இல்லை என்று பொருள் கொள்ள வேண்டும் என விதித்தனர்.

1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில் இதன் அடுத்த அத்தியாயம் நிகழ்ந்தது. கெர்னல் தன் கடிகாரத்தை வினாடிக்கு 100 முறையோ, பிற்காலத்தில் 1000 முறையோ அடித்து, வேலை உண்டா என்று நுண்செயலியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. கண்ணயர்ந்தவனை நொடிக்கு ஆயிரம் முறை தட்டி எழுப்பினால் அவன் எவ்வாறு உறங்குவான்? 2007-இல் வெளியான பதிப்பில், வேலையில்லாதபோது இந்தத் துடிப்பை நிறுத்தி வைக்க வகை செய்தனர். வெங்கடேஷ் பள்ளிப்பாடி, ஷாவோஹுவா லி, ஆடம் பெலே ஆகியோர் அதே ஆண்டில் எழுதி விளக்கிய ‘சி.பி.யு. ஐடில்’ என்னும் அமைப்பு 2008-இல் லினக்ஸில் இடம்பெற்றது. உறக்க நிலைகளின் விவரத்தை ஒருபுறமும், எந்த நிலையைத் தேர்வது என்னும் முடிவை மறுபுறமும் வைத்ததே அதன் சிறப்பு. முடிவெடுக்க இரு முறைகள் இருந்தன. ஒன்று ஏணிப்படி போல ஒவ்வொரு நிலையாக இறங்கும். மற்றொன்று அடுத்த வேலை எப்போது வரும் என்று ஊகித்து, தக்க நிலையை நேரே தேர்ந்தெடுக்கும்.

கைப்பேசிகளில் உள்ள ஆர்ம் வகை நுண்செயலிகளுக்கு இன்னொரு தொல்லை இருந்தது. அவற்றைச் செய்யும் நிறுவனங்கள் பல. ஒவ்வொன்றும் தன் பலகையின் விவரங்களைக் கெர்னலின் உள்ளேயே தனித்தனி நிரலாக எழுதிக் குவித்தது. 2011-இல் டோர்வால்ட்ஸ் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். அதன் பின்னர், ‘சாதன மரம்’ எனப்படும் விவர ஏடு ஆர்ம் கணினிகளில் பரவியது. கிளையும் கொப்புமாக உறுப்புகளை அடுக்கிக் கூறும் அந்த ஏட்டைக் கணினி எழும்போது கெர்னல் படித்துக் கொள்ளும். 2014-ஆம் ஆண்டு, உறக்க நிலைகளையும் அவ்வேட்டில் எழுதுவதற்கான முறை வகுக்கப்பட்டது.

அம்முறையில் எழுதப்படுவன யாவை? நம்முடைய அதே மூன்று வினாக்களின் விடைகளே! விளக்க ஏட்டில் காட்டப்பட்டுள்ள ஓர் எடுத்துக்காட்டைக் கேளுங்கள். தனி ஓர் உள்ளகம் உறங்குவதற்கு நுழையும் நேரம் 250 மைக்ரோவினாடி. எழும் நேரம் 500. குறைந்தபட்சத் தங்கல் 950. பல உள்ளகங்கள் அடங்கிய தொகுதி முழுவதும் உறங்குவதற்கு நுழைய 600, எழ 1100, தங்கல் 2700. நுழையும் நேரமும் இந்தத் தங்கலில் அடங்கும். தங்கல் இதற்குக் குறைந்தால் சேமிப்பதைவிடச் செலவிடுவதே மிகும். வினாடிக்கு 1000 முறை எழுப்பிய பழைய கடிகாரம் நீடித்திருந்தால், 1000 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை விழிப்பு நேரும். 2700 தேவைப்படும் ஆழ்ந்த உறக்கம் ஒருநாளும் பயன்தந்திராது. இன்னொரு குறிப்பும் அங்கே உண்டு. சில நிலைகளில் உள்ளகத்தின் சொந்தக் கடிகாரமும் நின்றுவிடும். அதனைச் சொல்லாமல் விட்டால், எழுப்புவோர் இன்றி அது உறங்கியே கிடக்கும். சொல்லியிருந்தால் கெர்னல் வேறொரு கடிகாரத்தைக் காவலுக்கு வைக்கும்.

விவரத்தில் பொய் கலந்தால் விளைவு என்ன? எழும் நேரத்தைக் குறைத்துக் கூறினால், பாட்டு ஒலிக்கும்போது இடையிடையே அறுபடும். கூட்டிக் கூறினால், கெர்னல் அந்த நிலையைத் தொடாமலே விட்டுவிடும். மின்கலம் வீணே கரையும். இரண்டும் குற்றமே.

இக்கலை நம் நகரத்திற்கும் அயலானதன்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ நுண்செயலிகள் 2018-இல் சில்லு வடிவம் பெற்றன. அவற்றுள் ஒன்று மொகாலியில் உள்ள அரசு ஆய்வகத்தில் செய்யப்பட்டது. அவை பின்பற்றும் கட்டளை முறை யாவர்க்கும் பொதுவான ‘ரிஸ்க்-வி’ என்பதாகும். அவ்வகை நுண்செயலிகளின் உறக்க நிலைகளையும் அதே சாதன மரத்தில் எழுதும் முறை 2022-இல் லினக்ஸில் சேர்ந்தது. ஆகவே நாளைக்கு நம் நாட்டுச் சில்லுகளுக்கு இந்த எண்களை அளந்து எழுத வேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் இருக்கும் உங்களுள் சிலராகவே இருக்கலாம்.

அந்த எண்களில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு கணினியின் சேமிப்பு அற்பமே. ஆனால் கோடிக்கணக்கான கைப்பேசிகளும், இரவும் பகலும் விழித்திருக்கும் பெருங்கணினி நிலையங்களும் உலகெங்கும் மின்சாரத்தை உண்கின்றன. அம்மின்சாரம் எங்கிருந்து வருகிறது? எண்ணூரின் பழைய நிலையம் மூடப்பட்டாலும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி இன்றும் எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து, மீனும் இறாலும் பிடித்துப் பிழைத்த மக்களின் நீர்நிலையைத் தூர்த்துவிட்டது. வெறுஞ்சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு சில்லுக்கும் எங்கோ ஓர் ஊரில் ஒருபிடி சாம்பல் விழுகிறது.

சில்லுகளின் உறக்கத்தால் மட்டுமே கழிமுகம் தூய்மையாகிவிடாது. அதற்கு வேறு பணிகள் பல உண்டு. ஆயினும் தேவையற்றபோது எரியாதிருத்தல் அவற்றுள் ஒன்று. நிலக்கரியைக் குவித்துக் காற்றை அடைத்த தீக்காரரும், 250, 500, 950 என்று அளந்தெழுதிய பொறியாளரும் செய்த தொழில் அதுவே. இருவரும் தம் இயந்திரத்தை நன்கறிந்திருந்தனர். அவர்களைப் போல நீங்களும் ஓர் இயந்திரத்தைக் கையில் எடுக்கும்போது, அது என்ன செய்யும் என்று கேட்பதோடு நில்லாமல், சும்மா இருக்கும்போது என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். அளந்து பாருங்கள், அளந்ததை உள்ளபடி எழுதுங்கள்.