வேற்றுக்குலத்துக் கலங்கள்

1958 ஒக்டோபர் 15ஆந் திகதி, பெல்கிரேட் நகருக்கு அண்மையிலுள்ள வின்சா அணுவுலையில் விபத்தொன்று நேர்ந்தது. கதிர்வீச்சுக்கு இலக்கான அறுவர் பாரிஸ் நகரின் கியூரி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவருள் ஐவருக்குப் பிறரது என்பு மச்சையை ஏற்றினார் ஜோர்ஜ் மாதே என்னும் வைத்தியர். மச்சையை ஈந்தோர் பிரெஞ்சு மக்கள். யூகோசிலாவிய நோயாளருக்கும் அவர்க்கும் உறவுமில்லை, பொதுமொழியுமில்லை. ஐவருள் ஒருவர் இறந்தார், நால்வர் பிழைத்தனர்.

அயலார் கலங்கள் புற்றுநோயையும் வெல்லுமா என்ற கேள்வி அதற்கு முன்னரே எழுந்திருந்தது. 1956இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுகூடத்தில் பார்ன்ஸ், லூட்டிட் என்போர் குருதிப் புற்றுநோயுற்ற எலிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பின் மச்சை ஏற்றினர். தம் குலத்து மச்சை பெற்ற எலிகளில் நோய் மீண்டது. வேற்றுக்குலத்து மச்சை பெற்றவற்றில் மீளவில்லை. ஆயின் அவை உடல் மெலிந்து மடிந்தன. சொந்தக் காவற்கலங்கள் தம்மவன் என்று விட்டுவைத்த புற்றை அயற்கலங்கள் பகையென இனங்கண்டன. இடங்கொடுத்த உடலையும் அவ்வாறே கண்டு தாக்கின. மருந்தும் நஞ்சும் ஒரே ஆற்றலே. (குலத்தூய்மை பேசும் நம்மவர் அந்த முதற்கூட்டத்து எலிகளைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

1963இல் மாதே, குருதிப் புற்றுநோயுற்ற ஓர் இளைஞருக்கு அவருடைய குடும்பத்தினர் அறுவரின் மச்சையை ஏற்றினார். புற்று மீளவில்லை. எனினும் ஏறத்தாழ இருபது மாதங்களில் அவர் இறந்தார்.

1990இல் ஜேர்மனியின் மியூனிக் நகரில் கோல்ப் என்பவரின் குழு, மச்சை மாற்றிய பின்னும் நோய் மீண்ட மூவருக்கு, முன்பு மச்சை ஈந்தவர்களின் நிணநீர்க் கலங்களையே மீண்டும் செலுத்தியது. மூவரிடத்தும் நோய் அடங்கிற்று. 2015இல் இலண்டனில், அயலார் ஒருவரின் கலங்களது பரம்பரையலகுகளைத் திருத்தி ஒரு குழந்தைக்கு ஏற்றினர். அங்கும் நோய் அடங்கிற்று.

இதற்குள் சந்தையும் வந்து சேர்ந்துவிட்டது. 2017இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதலாவது திருத்திய கலமருந்துக்கு, நோயாளி ஒருவருக்கு 475,000 டொலர் என விலை அறிவிக்கப்பட்டது. அதுவோ அந்நோயாளியின் சொந்தக் கலங்களை எடுத்துத் திருத்தியது. தன் உடலிற் பிறந்ததையே அவன் விலைகொடுத்து வாங்கவேண்டும்! இப்பொழுது, ஒருவர் ஈந்த கலங்களைத் திருத்திப் பெருக்கிப் பலருக்கு விற்கும் முயற்சியிற் கம்பனிகள் இறங்கியுள்ளன. பாரிஸில் மச்சை ஈந்தோரின் வழிவருவோர், நாளை தாம் ஈந்ததன்மேல் எவ்வுரிமையைக் கோரமுடியும்?