பிரித்தானிய நான்காம் வானொலியின் ஒரு நாள்: ஒரு வரலாற்று நோக்கு

அரசர்தம் போர்களும் உடன்படிக்கைகளும் மட்டுமே வரலாறெனக் கருதப்பட்ட காலம் கடந்துவிட்டது. ஒரு சமுதாயம் தன் அன்றாடப் பொழுதை எவ்வாறு வகுத்துக்கொண்டது, அப்பொழுதில் எவர் பேச எவர் கேட்டனர் என்பனவும் வரலாற்றாசிரியன் ஆராய்தற்குரியனவேயாம். இவ்வகையில், பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நான்காம் வானொலி ஓர் அரிய சான்றாகும். இசைக்கன்றிப் பேச்சுக்கே தன் பொழுதிற் பெரும்பகுதியை ஒதுக்கிய தேசிய நிலையம் அது. வைகறை தொட்டு நள்ளிரவு வரை அதன் நிகழ்ச்சிகளை வரிசையாக நோக்குவோர், அவை ஒரே காலத்தில் திட்டமிட்டு அமைக்கப்பட்டவையல்ல என்பதையும், வெவ்வேறு காலத்துத் தேவைகள் பற்றித் தோன்றி அடுக்கடுக்காய்ப் படிந்தவை என்பதையும் காண்பர்.

இந்நிலையத்தின் மூலத்தை 1922ஆம் ஆண்டிலே காணலாம். வானொலிக் கருவி செய்து விற்ற வணிகர்கள் சேர்ந்து அவ்வாண்டு ஒக்டோபரில் ஒரு கம்பனியை நிறுவினர். நவம்பர் 14ஆந் திகதி இலண்டனிலிருந்து நாளாந்த ஒலிபரப்புத் தொடங்கியது. முகாமையாளராய் அமர்ந்த ஜோன் றீத் என்பார், வானொலி வணிகப் பொருளாதலை விரும்பாதவர்; மக்கள் விரும்புவதை மட்டுமன்றி அவர்க்கு நலம் பயப்பதையும் வழங்குதல் வேண்டும் என்னுங் கொள்கையினர். விளம்பரத்தை விலக்கி, வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் செலுத்திய பத்துச் சிலிங் அனுமதிக் கட்டணத்தைக் கொண்டு நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டன. 1927 ஜனவரி முதலாந் திகதி, அரச பட்டயம் பெற்ற கூட்டுத்தாபனமாக அது மாறியது.

இம்மாற்றத்துக்கு முன்னரே அந்நிறுவனம் ஒரு கடுஞ் சோதனைக்கு உட்பட்டது. 1926 மே மாதத்திற் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது நாளிதழ்கள் பெரும்பாலும் நின்றுபோயின. செய்தித்தாள் உரிமையாளரின் வற்புறுத்தலால் அதுவரை மாலை ஏழு மணிக்கு முன் செய்தி வாசிக்கத் தடையிருந்த வானொலி, இப்போது நாளொன்றுக்கு ஐந்து முறை செய்தி கூறியது. அரசாங்கம் அதனைக் கைப்பற்றவேண்டும் என்றார் நிதியமைச்சர் சேர்ச்சில். றீத் அதனை எதிர்த்து நின்றார். பிரதமர் போல்ட்வினும் கைப்பற்ற முற்படவில்லை. ஆயினும் இச்சுதந்திரம் விலையின்றிக் கிடைத்ததன்று. எதிர்க்கட்சித் தலைவர் மக்டொனால்ட் பேச இடமளிக்கப்படவில்லை. சமரசம் வேண்டிய கந்தபரி அதிமேற்றிராணியாரின் வேண்டுகோளும் சில நாள் தடுத்துவைக்கப்பட்டது. அரசு கைப்பற்றாது விடப்பட்ட வானொலி, அரசுக்கு இன்னாதனவற்றைக் கூறாது தன்னைத் தானே அடக்கிக்கொண்டது எனலாம். தன் குரலைக் காத்தற்பொருட்டு எத்துணை மௌனம் பொறுக்கத்தக்கது என்னும் வினா அன்று தோன்றியது. அது பின்னரும் அந்நிறுவனத்தை விட்டகலவில்லை.

1939இல் உலகப் போர் மூண்டபோது தேசிய சேவையும் பிரதேச சேவைகளும் 'உள்நாட்டுச் சேவை' என ஒன்றாக்கப்பட்டன. போர் முடிந்தபின் 1945இல் மெல்லிய சேவையும், 1946இல் உயர்கலைகளுக்கென மூன்றாம் சேவையும் எழுந்தன. 1967 செப்டெம்பர் 30ஆந் திகதி, உள்நாட்டுச் சேவை நான்காம் வானொலி என்னும் பெயர் பூண்டது. 1970இல் அலைவரிசைகள் சுவைக்கேற்ப வகுக்கப்பட்டபோது, பேச்சே அதற்குரியதாயிற்று. ஒரே நிலையத்திற் பலதரப்பட்டனவற்றையுங் கேட்பிக்கும் பழைய முறை இதனால் அழிந்துபடும் எனக் கண்டித்தோர் பலர். எனினும், பேச்சு என்னும் எல்லைக்குள்ளே அப்பழைய கலப்பு முறை எஞ்சியது நான்காம் வானொலியிலேதான்.

இனி, ஒரு வியாழக்கிழமையை எடுத்துக்கொள்வோம். வைகறையில் உழவர்க்குரிய நிகழ்ச்சி முந்துகிறது; 1960இல் தொடங்கிய 'இன்றைய வேளாண்மை' அது. ஆறு மணிக்கு 'இன்று' என்னும் செய்தி நிகழ்ச்சி தொடங்கும். 1957 ஒக்டோபரில் இருபது நிமிடப் பகுதிகள் இரண்டாகவே அது பிறந்தது. பின்னாளில் அமைச்சர்கள் விடையிறுக்க அஞ்சும் அவையாக வளர்ந்தது. அதனிடையே வரும் 'இன்றைய சிந்தனை' 1970இல் அப்பெயர் பெற்றது. கிறித்துவ உரைகளே நிறைந்திருந்த அவ்விடத்தில், காலப்போக்கில் யூதர், இசுலாமியர், இந்துக்கள், சீக்கியர், பௌத்தர் ஆகியோரும் பேசலாயினர். குடியேறியோரால் மாறிய பிரித்தானியாவின் வரலாறு அச்சில நிமிடங்களுள் அடங்கியுள்ளது.

ஒன்பது மணிக்கு, 1998இல் மெல்வின் பிராக் தொடங்கி 2025 வரை நடத்திய 'நம் காலத்தில்' வரும். பல்கலைக்கழக அறிஞர் மூவர் மெய்யியலையோ விண்ணியலையோ பண்டை வரலாற்றையோ பற்றி உரையாட, சமையலறையில் நிற்போரும் வண்டியோட்டுவோரும் கேட்பர். பத்து மணிக்குரிய 'மகளிர் நேரம்' 1946 ஒக்டோபரில் மெல்லிய சேவையிலே தொடங்கி, 1973இல் நான்காம் வானொலியை அடைந்தது. அதனை முதன்முதல் தொகுத்தளித்தவர் ஓர் ஆண்மகன் என்பது அக்காலத்தின் இயல்பை நன்கு காட்டும்.

இடையிடையே மணி தவறாது ஒலிக்கும் ஆறு குறுவொலிகள் 1924 பெப்ரவரி 5ஆந் திகதி முதல் வருவன. 1990 வரை அவற்றைக் கிறீனிச் வான்நிலையமே வழங்கியது. நாடு முழுவதும் ஒரே கணத்திற் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் இவ்வாறு வீடுதோறும் புகுந்தது.

மாலை ஏழு மணிக்கு வரும் 'ஆர்ச்சர் குடும்பத்தார்' 1951 ஜனவரி முதல் நாடெங்கும் ஒலித்து வருந் தொடர்நாடகம். போருக்குப் பின் உணவுப் பங்கீடு நீங்காதிருந்த காலத்தில், உழவர்க்குப் புதுமுறைகளைக் கதைவாயிலாய்ப் புகட்டவே கொட்பிறி பேஸ்லி அதனை அமைத்தார். வேளாண் அமைச்சும் துணைநின்றது. கற்பித்தல் மறந்தது, கதை நிலைத்தது. 1955 செப்டெம்பர் 22ஆந் திகதி, வணிகத் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவில், கதைப்பெண் கிறேஸ் தீவிபத்தில் மாண்டபோது, உற்றாரை இழந்தார்போலக் கேட்டோர் துயருற்றனர்.

இரவிற் பாராளுமன்ற நடவடிக்கைகளின் சுருக்கம் கூறப்படும். 1945 முதல் நிலவும் வழக்கம் இது. நள்ளிரவுக்குப் பின் கப்பலோட்டிகளுக்கான வானிலை அறிவிப்பு வரும். 1859இல் 'அரச பட்டயம்' என்னும் பெயருடைய கப்பல் புயலில் உடைந்து நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாக றொபேட் பிற்ஸ்றோய் 1861இல் தந்திவழிப் புயலெச்சரிக்கையை ஏற்படுத்தினார். டார்வினை ஏற்றிச்சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர் இவரே. 2002இல் கடற்பகுதி ஒன்றுக்கு இவர் பெயரே இடப்பட்டது. முப்பத்தொரு கடற்பகுதிகளின் பெயர்களும் முறை பிறழாது வாசிக்கப்படுகையில், கடலையே காணாதோரும் விழித்திருந்து கேட்பர். தீவில் வாழ்வோர் தாம் தீவினர் என்பதை உணரும் வேளை அது.

இந்நிலையத்துக்குக் குறைகளும் உண்டு. நெடுங்காலம் அதன் குரல், தென்னிங்கிலாந்துக் கற்றோர் குரலாகவே இருந்தது. 1941இல் யோர்க்சயர் உச்சரிப்புடைய வில்பிறட் பிக்கிள்ஸ் செய்தி வாசித்தபோது முறையிட்டோர் பலர். எல்லோர் கட்டணத்திலும் இயங்குவது எல்லோர் குரலிலும் பேசவேண்டும் என்னும் நியாயம் மெல்லவே ஏற்கப்பட்டது.

இதுகாறுங் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். உழவன், மீகாமன், இல்லத்தாள், அறிஞன், அமைச்சன் ஆகியோர்க்குரிய பேச்சுகள் ஒரே நாளில் அடுத்தடுத்து வருதலால், ஒவ்வொருவரும் தமக்கென அமையாதவற்றையுங் கேட்க நேர்கிறது. தாம் நாடாததையும் கேட்கும் இப்பழக்கமே குடியாட்சிக்கு அடிப்படை. விரும்பியதை மட்டும் தேர்ந்து கேட்குங் கருவிகள் மலிந்த இக்காலத்தில், அப்பழக்கத்தை இழப்பது ஒரு நிலையத்தை இழப்பதினும் பெரிய இழப்பாகும்.